கண்ணில் படாத அறையை எதற்குச் செய்வது?

வீடியோ கேம் ஸ்டூடியோ ஒன்றில் ஏழு ஆண்டுகளாக என்விரான்மென்ட் ஆர்ட்டிஸ்டாக, அதாவது கேமுக்குள் வரும் ஊர், தெரு, காடு, வீடு எல்லாவற்றையும் உருவாக்கும் கலைஞராக வேலை பார்க்கும் ஒரு பெண் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 31. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

பள்ளி நாட்களில் நோட்டின் கடைசிப் பக்கங்களில் இல்லாத ஊர்களுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர் இவர். பதினான்கு வயதில் ஒரு கேமில், கதைக்குச் சம்பந்தமே இல்லாத பாழடைந்த கோபுரம் ஒன்றில் ஏறி நின்று மழை பெய்வதைப் பார்த்திருக்கிறார். இதைச் செய்வதுதான் என் வேலை என்று அன்றே முடிவு செய்தாராம். ஸ்டூடியோவில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் உழைத்த முதல் கேம், வெளியே அறிவிக்கப்படாமலேயே ரத்தானது. இப்போது இருப்பது ஆன்லைனில் தொடர்ந்து ஓடும் ஒரு கேமில். சீசனுக்கு சீசன் புதுப் பீப்பாய், புதுப் பெட்டி, புதுக் கடை முகப்பு. சமீப மாதங்களில் ஏஐ உருவாக்கிய படங்களைத் திருத்தித் தரும் வேலையும் சேர்ந்துகொண்டது.

கடிதத்தில் அவர் அதிக இடம் கொடுத்து எழுதியிருப்பது ஒரு கலங்கரை விளக்கத்தைப் பற்றி. அதன் மேல்மாடியில் ஒரு சிறு அறை செய்திருந்தார். ஜன்னலைப் பார்த்தபடி ஒரு நாற்காலி. அதன் இடது கைப்பிடி மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருக்கும். விளக்குக்காரர் எப்போதும் அந்தப் பக்கமே சாய்ந்து உட்காருவார் என்பதற்காக. ரிவ்யூவில் ஹீட்மேப்பை, அதாவது ஆட்டக்காரர்கள் எங்கெங்கே போகிறார்கள் என்று காட்டும் படத்தை, திரையில் போட்டார்கள். ஆட்டக்காரர்களில் வெகு சிலரே அந்த மாடிக்குப் போகிறார்கள். மெமரியும் மிச்சமாகும், அறையை மூடிவிடுங்கள் என்றார்கள். அவர் கையாலேயே கதவைச் சுவராக்கினார். பத்து நிமிட வேலைதான் என்று எழுதியிருக்கிறார்.

அதற்கப்புறம் வீட்டில் எந்த கேமையும் விளையாட முடியவில்லை. எதைத் திறந்தாலும் பின்னால் இருக்கும் வேலைதான் தெரிகிறது. சொந்தமாகத் தொடங்கிய ஒரு சிறிய கேமின் ஃபைலை இரவில் திறக்கிறார், பார்க்கிறார், மூடிவிடுகிறார். "என்னிடம் இருந்தது தீர்ந்துவிட்டது" என்கிறார். 14 மாதங்களுக்குப் போதுமான சேமிப்பு இருக்கிறது. வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக கேம் செய்யட்டுமா, இது மனச்சோர்வா, அடுத்த பெரிய ரிலீஸுக்கு முன் கிளம்பினால் குழுவுக்குத் துரோகமா, ரத்தான கேமின் படங்களை போர்ட்ஃபோலியோவில் (தன் வேலைகளின் தொகுப்பில்) காட்டலாமா என்பவை அவருடைய கேள்விகள். "எத்தனையோ பேர் ஏங்கும் வேலையில் இருந்துகொண்டு குறைபடுவது நன்றிகெட்டதனமா?" என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

தீர்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதமே அதை மறுக்கிறது. ஒரு நாற்காலியின் எந்தக் கைப்பிடி தேய்ந்திருக்கும், ஏன் தேய்ந்திருக்கும் என்று இத்தனை காலத்துக்குப் பிறகும் சொல்ல முடிகிற ஒருவரிடம் கற்பனை வற்றிப்போனதாக நான் நம்ப மாட்டேன். அந்த அறையைப் பற்றி எழுதும் இடத்தில் உங்கள் வாக்கியங்களே மாறிவிடுகின்றன. நீளமாகின்றன, உயிரோடு இருக்கின்றன. சீசன், பீப்பாய், ஜிரா டிக்கெட் (மென்பொருள் வழியாக வரும் பணிச்சீட்டு) என்று வரும் இடங்களில் இரண்டு மூன்று சொற்களில் முடித்துவிடுகிறீர்கள். நீங்கள் இழந்திருப்பது முடிவெடுக்கும் உரிமையை. எது இருக்கலாம், எது போகலாம் என்பதில் உங்களுக்கு இருந்த கொஞ்சம் சொல்லும் அன்று போய்விட்டது. போதாததற்கு அந்தக் கதவை உங்கள் கையாலேயே மூட வேண்டி வந்தது. திறமை போய்விட்டது என்பதும் உரிமை போய்விட்டது என்பதும் உள்ளே ஒரே மாதிரிதான் வலிக்கும். அதனால்தான் பலர் முதலாவதுதான் நடந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

உடம்பையும் மனசையும் முதலில் பார்ப்போம்

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் பர்ன்அவுட் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் நோயாக அல்ல, வேலையோடு தொடர்புடைய ஒரு நிலையாக. அதற்கு மூன்று அடையாளங்கள் சொல்கிறார்கள்: சக்தி வடிந்துபோன களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகுவது அல்லது வேலைமேல் கசப்பு, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம். மூன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. கடைசி அடையாளத்தைக் கவனியுங்கள். "உருப்படியாகச் செய்யவில்லை" என்று தோன்றுவதே அந்த நிலையின் ஒரு பகுதி. அந்த நிலையில் இருந்துகொண்டு உங்கள் திறமைக்கு நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம்.

மனச்சோர்வு இதிலிருந்து வேறுபடுவது அதன் பரப்பில். பர்ன்அவுட் பெரும்பாலும் வேலையைச் சுற்றியே நிற்கும். மனச்சோர்வு சாப்பாடு, தூக்கம், மனிதர்கள், பிடித்த விஷயங்கள் என்று எல்லாவற்றிலும் பரவும். கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் அக்கா பிள்ளைகளோடு சேர்ந்து அட்டைப்பெட்டிகளில் கோட்டை கட்டினீர்கள், இருட்டியதுகூடத் தெரியவில்லை என்று. எனக்கு அது மிக முக்கியமான தகவல். சந்தோஷப்படும் திறன் உங்களிடம் இன்னும் இருக்கிறது.

இருந்தாலும் கடிதத்தை வைத்து நான் நோய் கணிக்க முடியாது. இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் கனத்துக் கிடந்தாலோ, விடுமுறையிலும் எதிலும் நாட்டம் வராவிட்டாலோ, தூக்கமும் பசியும் தலைகீழானாலோ மருத்துவரைப் பாருங்கள். பர்ன்அவுட்டும் மனச்சோர்வும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே நெருங்கிய ஒருவரிடம் சொல்லுங்கள், உதவி கேளுங்கள்.

நேசித்த வேலை ஏன் கசக்கிறது

1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். எல்லோரும் ஏற்கெனவே விருப்பப்பட்டு மார்க்கரால் படம் வரைந்துகொண்டிருந்த குழந்தைகள். ஒரு குழுவிடம், வரைந்தால் ரிப்பன் கட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமலேயே வரைந்து முடித்ததும் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து யாரும் எதுவும் கேட்காதபோது என்ன செய்கிறார்கள் என்று கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்த பிள்ளைகள், மற்ற இரண்டு குழுவினரும் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள்.

பிடித்த வேலைக்குச் சம்பளம் வாங்கவே கூடாது என்பதற்கு இதைச் சிலர் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அப்படிப் படிப்பது தவறு. எதிர்பாராமல் பரிசு வாங்கிய பிள்ளைகளின் ஆசை குறையவில்லையே! செய்வதற்கான காரணம் தன் கையிலிருந்து வெளியே போகும்போதுதான் ஆசை தேய்கிறது. உங்கள் சம்பளம் உங்களைக் கெடுக்கவில்லை. எந்தப் பீப்பாயை எதற்காகச் செய்கிறோம் என்பதற்கான ஒரே காரணம் "டிக்கெட் வந்திருக்கிறது" என்று ஆனதுதான் வேலையைக் காட்டியிருக்கிறது.

பர்ன்அவுட் ஆய்வில் முன்னோடியான கிறிஸ்டினா மாஸ்லாக், மைக்கேல் லைட்டரோடு சேர்ந்து, மனிதருக்கும் வேலைக்கும் பொருந்தாமல் போகும் இடங்கள் ஆறு என்றார்: வேலைப்பளு, கட்டுப்பாடு, பலன், உடன் வேலை செய்பவர்கள், நியாயம், மதிப்பீடுகள். உங்கள் கடிதத்தை இந்த ஆறையும் வைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். கிரஞ்ச் பற்றி, அதாவது ரிலீஸ் நெருங்கும்போது வாரக்கணக்கில் இரவு பகலாக உழைப்பதைப் பற்றி, நான்கே வரி. சம்பளம் பற்றி ஒன்றுமில்லை. சக ஊழியர்களைப் பற்றிப் பாசமாகவே எழுதியிருக்கிறீர்கள். மீதி முழுக்கக் கட்டுப்பாடும் மதிப்பீடும்தான்: என் வேலையில் எனக்குச் சொல் இல்லை, கேமுக்குள் இருக்கும் கடையில் ஸ்கின் (பாத்திரங்களுக்கான புதுத் தோற்றம்) விற்பதற்காகத் தெரு அமைக்கிறேன், பதினான்கு வயதில் என்னை நிறுத்திவைத்த கோபுரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

போன முறை மூன்று வாரம் விடுமுறை எடுத்தும் திரும்பி வந்த முதல் நாளே பழைய நிலைக்குப் போய்விட்டேன் என்று வியந்திருக்கிறீர்கள். அதற்கும் இதுதான் விளக்கம். விடுமுறை பளுவைத்தான் இறக்கிவைக்கும். கட்டுப்பாடு இல்லாத குறையை அதனால் தீர்க்க முடியாது.

அந்த அறையைப் பற்றி

ஸ்டூடியோ தரப்பையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். மெமரிக்கு உண்மையிலேயே எல்லை உண்டு. நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து செய்யும் ஒன்றில் யாராவது எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும். அறையை மூடச் சொன்னவர் கலைக்கு எதிரி என்று நான் நினைக்கவில்லை. பெரிய ஸ்டூடியோவில் என்விரான்மென்ட் ஆர்ட்டிஸ்டின் வேலை, ஆர்ட் டைரக்டர் நினைத்த உலகத்தைத் தன் கைத்திறனால் நிற்கவைப்பது. அது மரியாதைக்குரிய தொழில். ஆனால் சேரும்போது, "என் உலகத்தை இங்கே கட்டப்போகிறேன்" என்று நம்பிச் சேர்ந்திருக்கிறீர்கள். ஸ்டூடியோ அந்த வாக்கைக் கொடுத்ததாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. பதினான்கு வயதுப் பெண் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட வாக்கு அது. அது பொய்த்ததற்காகத் துக்கப்படலாம், துக்கப்பட வேண்டும். அந்தத் துக்கத்தை இன்றைய மேலாளர்மேல் கோபமாக மட்டும் வைத்துக்கொண்டால் அது ஆறாது.

அதே சமயம், ஹீட்மேப் சொன்னதை உங்கள் வேலையின் மதிப்பாக எடுத்துக்கொண்டீர்களே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். யார் எங்கே போனார்கள் என்பதை மட்டும்தான் அது காட்டும். போனவர்கள் மனதில் என்ன தங்கியது என்பதைக் காட்ட அதனால் முடியாது. கதைக்குச் சம்பந்தமில்லாத ஒரு கோபுரத்தில் மழை பார்த்துக்கொண்டு நின்ற ஒரு சிறுமி, அந்த கேமின் ஹீட்மேப்பில் ஓரமாக ஒரு தனிப் புள்ளியாகத்தான் இருந்திருப்பாள். அந்தப் புள்ளிதான் பின்னால் ஏழு ஆண்டுகள் ஒரு ஸ்டூடியோவுக்கு ஊர்களைக் கட்டிக் கொடுத்திருக்கிறது.

ரத்தான கேமைப் பற்றி, "மூன்று ஆண்டுகள் குப்பையில் போய்விட்டன" என்று எழுதியிருக்கிறீர்கள். பிளிஸார்ட் என்ற கேம் நிறுவனத்தின் டைட்டன் என்ற பிரம்மாண்டத் திட்டம் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் நடந்தும் வெளிவரவே இல்லை. 2014இல் ரத்து என்று அறிவித்தார்கள். அதில் இருந்தவர்களும் அதில் விளைந்த யோசனைகளும் சேர்ந்துதான் 2016இல் வந்த ஓவர்வாட்ச் என்ற கேம் ஆனது. எல்லா ரத்துகளும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. பெரும்பாலானவை சத்தமில்லாமல் போய்விடும். ஆனால் நாற்காலியின் கைப்பிடியைத் தேய்க்கும் கண் உங்களுக்கு அந்த மூன்று ஆண்டுகளில்தான் வந்திருக்கும் என்பது என் ஊகம். அது சர்வரில் கிடக்கும் பொருள் இல்லை, அதை யாரும் ரத்து செய்யவும் முடியாது.

வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக?

நேராகவே சொல்கிறேன்: இந்த நிலையில், இந்த மாதத்தில், தனியாக ஒரு கேம் செய்வதற்காக வேலையை விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீங்கள் அதற்குத் தகுதியற்றவர் என்பதால் அல்ல. களைத்துப்போன ஒருவர் 14 மாதக் கெடுவைத் தன் தலையில் தானே வைத்துக்கொள்வது, கிரஞ்சை அலுவலகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவது போலத்தான் ஆகும்.

ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்து ஜெயித்தவர்கள் உண்டு. லூகாஸ் போப் பெரிய ஸ்டூடியோவான நாட்டி டாகில் இருந்தவர். வெளியே வந்து, எல்லைச் சோதனைச் சாவடியில் கடவுச்சீட்டு பார்க்கும் அதிகாரியைப் பற்றி பேப்பர்ஸ், ப்ளீஸ் என்ற கேமை 2013இல் கொண்டுவந்தார். அப்புறம் எல்லோரும் எடுத்துக்காட்டும் எரிக் பரோன். ஸ்டார்ட்யூ வேலி என்ற கேமின் படம், இசை, எழுத்து, நிரல் எல்லாம் அவர் ஒருவரே. 2016இல் வெளியானது. அந்தக் கதையைச் சொல்பவர்கள் விட்டுவிடும் பகுதி ஒன்று இருக்கிறது. அதற்கு நாலரை ஆண்டுகள் பிடித்தன. அந்தக் காலத்தில் அவர் ஒரு அரங்கத்தில் பகுதிநேர ஊழியராக வேலை பார்த்தார், துணைவியின் வருமானமும் குடும்பத்தைத் தாங்கியது. அவருக்குக் கிடைத்த சுதந்திரத்துக்கு வேறு யாரோ வாடகை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 14 மாதச் சேமிப்பில் முதல் இரண்டு மாதம் களைப்பாறவே போகும், போக வேண்டும். கடைசி மூன்று நான்கு மாதம் பிழை திருத்தம், டிரெய்லர், கடைப் பக்கம், தெரியாதவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவது என்று கரையும். ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் விற்றால் பொதுவாக விற்பனையில் 30 சதவீதம் அவர்களுக்கு. வாங்கியவர் இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடி, பதினான்கு நாட்களுக்குள் கேட்டால் பணத்தைத் திருப்பித் தருவார்கள். சிறிய கேம்களை அதற்குள் முடித்தும் விடலாம். 2024இல் மட்டும் அங்கே 18,000க்கும் மேற்பட்ட கேம்கள் வெளியாகின. ஆக, கையில் இருப்பது எட்டு மாதத்தில் செய்யக்கூடிய கேமுக்கான பணம். உங்கள் ஃபைலில் இருப்பதாகச் சொல்லும் ஏழு தீவு கேம் அந்த எட்டு மாதத்தில் அடங்காது. ஒரு தீவு, ஒரு வீடு என்றால் அடங்கலாம்.

இன்னொன்று: சொந்த கேமிலும் பீப்பாய் உண்டு. மெனு, சேவ் ஃபைல், எழுத்துரு, ஒலி அளவு பட்டன் எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டும். அவை உங்கள் பீப்பாய்கள் என்பதுதான் வித்தியாசம். சிலருக்கு அந்த வித்தியாசமே போதும். உங்களுக்குப் போதுமா என்பதைச் சேமிப்பைக் கரைக்காமலே கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

களைப்பு ஓரளவு தணிந்த பிறகு ஒரு கேம் ஜாமில் கலந்துகொள்ளுங்கள். லுடும் டேர் போன்றவற்றில் 48 மணி நேரத்தில் ஒரு கேம் செய்ய வேண்டும். ஹாலோ நைட் கேமின் விதைகூட அப்படி ஒரு ஜாமில் விழுந்ததுதான். உங்களுக்கு நான் இதைச் சொல்வது விதைக்காக இல்லை. இரண்டு நாளில், அசிங்கமாக இருந்தாலும், முழுக்க உங்கள் முடிவுகளால் ஆன ஒன்றை முடித்துப் பார்க்கும்போது என்ன தோன்றுகிறது என்று கவனிப்பதற்காக. பதினோரு மணி நேர வேலைக்குப் பிறகு இரவில் திறந்து மூடும் ஃபைல் எதையும் நிரூபிக்காது. அதைக் கொஞ்ச காலம் திறக்கவே வேண்டாம்.

நடுவில் பல பாதைகள் இருக்கின்றன, நீங்கள் இரண்டை மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். பத்து இருபது பேர் இருக்கும் சின்ன ஸ்டூடியோவில் ஒரு ஆர்ட்டிஸ்டின் சொல்லுக்குக் கனம் அதிகம், சம்பளமும் பாதுகாப்பும் குறைவாக இருக்கலாம். இருக்கும் இடத்திலேயே லெவல் டிசைன் (ஆட்டத்தின் கட்டங்களை வடிவமைப்பது) பக்கமோ, புதிய திட்டங்களுக்கு முன்மாதிரி செய்யும் குழுவுக்கோ மாறலாம். அனிமேஷன், கட்டட வடிவமைப்புக் காட்சிகள், அருங்காட்சியகக் கண்காட்சிகள் ஆகியவற்றுக்கும் உங்கள் கைத்திறன் தேவைப்படுகிறது. அப்புறம், பலர் கேவலமாக நினைக்கும் ஒரு பாதை: இந்த வேலையை வெறும் வேலையாக ஒழுங்காகச் செய்து, ஆறு மணிக்குக் கிளம்பி, கற்பனையை வேறெங்காவது வைத்துக்கொள்வது. அதைத் தோல்வி என்று நான் நினைக்கவே இல்லை. நன்றாக வாழும் கலைஞர்கள் பலர் அப்படித்தான் இருக்கிறார்கள்.

எதைச் செய்வதற்கும் முன் ஒப்பந்தம்

நான் வழக்கறிஞர் இல்லை. உங்கள் பகுதியில் தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டுவது அவசியம். எதைக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

வேலையில் இருக்கும்போது நீங்கள் உருவாக்கும் எல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம் என்று பல ஸ்டூடியோக்கள் எழுதி வாங்கிக்கொள்கின்றன. சில ஒப்பந்தங்களில் அது வீட்டில், இரவில் செய்வதையும் பிடிக்கும். அலுவலகக் கணினியையோ மென்பொருள் உரிமத்தையோ தொட்டிருந்தால் சிக்கல் கூடும். உங்கள் தீவு கேமை அலுவலக லேப்டாப்பில் திறந்ததுண்டா? இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். வெளிவேலைக்கு முன் அனுமதி வேண்டுமா, விலகிய பின் போட்டி நிறுவனத்தில் சேரத் தடை இருக்கிறதா, நோட்டீஸ் காலம் எவ்வளவு, போனஸ் எந்தத் தேதிக்குப் பிறகு கிளம்பினால் கிடைக்கும் என்பவற்றையும் பாருங்கள். நீங்கள் செய்தவற்றை ஏஐ பயிற்சிக்குப் பயன்படுத்தலாமா என்பதும் பெரும்பாலும் ஒப்பந்தத்தின் சொற்களைப் பொறுத்ததே; எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ரத்தான கேமின் படங்களை எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வெளியிட வேண்டாம். கேமே ரத்தாகிவிட்டதே, இனி என்ன ரகசியம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேம் ரத்தானால் ரகசிய ஒப்பந்தமும் ரத்தாகிவிடும் என்று எண்ணுவது தவறு. வேலையை விட்ட பிறகும் அது பொதுவாகத் தொடரும். பாஸ்வேர்டு போட்ட பக்கத்தில் காட்டினாலும் மீறல் மீறல்தான். ஃபைல்களை வீட்டுக்கு எடுத்துவந்து வைத்துக்கொள்ளவும் கூடாது. அனுமதி கேளுங்கள், குறிப்பிட்ட ஐந்தாறு படங்களைக் காட்டி, "இவற்றை மட்டும்" என்று கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். மறுத்தால், அறிவிக்கப்படாத ஒரு திட்டத்தில் இன்னின்ன பொறுப்பு வகித்தேன் என்று எந்த அளவுக்குச் சொல்லலாம் என்பதையாவது தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அதே நுட்பத்தைக் காட்டும் புதிய வேலை ஒன்றைச் சொந்தமாகச் செய்து வையுங்கள்.

துரோகம், நன்றி

2004இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கேம் நிறுவனத்தின் ஊழியர் ஒருவரின் துணைவி, பெயர் சொல்லாமல் இணையத்தில் ஒரு கடிதம் எழுதினார். வாரத்தில் ஏழு நாளும் வேலை, கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் இல்லை, மனிதர் உடைந்துபோகிறார் என்று. அதுவரை ஒவ்வொருவரும் தன் பலவீனம் என்று வாய்மூடி வைத்திருந்தது, எல்லோருக்கும் பொதுவான பிரச்சினை என்று தெரிந்தது. ஊழியர்கள் தொடுத்த வழக்குகளில் அந்த நிறுவனம் கலைஞர்களுக்கு 1.56 கோடி டாலரும் நிரலாளர்களுக்கு 1.49 கோடி டாலரும் தர ஒப்புக்கொண்டது. ஆசைப்பட்டுச் செய்யும் வேலைதானே என்ற பேச்சு, சம்பளத்தையும் ஓய்வையும் குறைக்கும் தள்ளுபடிச் சீட்டாக இந்தத் துறையில் நெடுங்காலம் பயன்பட்டிருக்கிறது. நீங்கள் குறைபடுவது நன்றிகெட்டதனம் இல்லை. நீங்கள் வேலை செய்யும் நேரத்தை இன்றிலிருந்து தினமும் குறித்து வையுங்கள். நம்பிக்கையான இரண்டு சக ஊழியர்களிடம் மனம்விட்டுப் பேசுங்கள். தொழிற்சங்கம் இருந்தால் விசாரியுங்கள்.

ரிலீஸுக்கு முன் கிளம்பினால் துரோகமா என்றீர்கள். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரைக் குறைப்பதாக ஒரே நாளில் அறிவித்தது. நிறுவனங்கள் ஆட்களை அனுப்புவதை வரவு செலவு முடிவாக எடுக்கின்றன. நீங்கள் கிளம்புவதையும் அதே சாதாரண முடிவாக எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. குழுவுக்குச் செய்ய வேண்டியதை முறையாகச் செய்தால் போதும்: நோட்டீஸ் காலம், ஒழுங்கான ஃபைல் பெயர்கள், அடுத்து வருபவருக்குத் தெளிவான குறிப்பு. ஒரு விஷயத்தை மட்டும் கேட்டு வாங்குங்கள். ரிலீஸுக்கு முன் விலகியவர்களின் பெயரைக் கிரெடிட்டில், அதாவது கேமில் வரும் உழைத்தவர்களின் பெயர்ப் பட்டியலில், சேர்க்காமல் விட்டுவிடும் பழக்கம் பல ஸ்டூடியோக்களில் உண்டு. உங்கள் பெயர் இருக்குமா, எந்தப் பொறுப்போடு இருக்கும் என்று கிளம்பும் முன் எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் லீடிடம் பேசும்போது

இதுவரை உங்கள் லீடிடம், அதாவது குழுத் தலைவரிடம், எதையும் சொன்னதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லிப் பயனில்லை என்று தீர்மானித்துவிட்டீர்கள். அதைச் சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ராஜினாமாவுக்கு முன் அந்தப் பேச்சை ஒருமுறை நடத்திவிடுங்கள். "எனக்குப் படைப்புச் சுதந்திரம் வேண்டும்" என்று கேட்டால் அவரால் தலையாட்டத்தான் முடியும், கொடுக்க எதுவும் இருக்காது. அளந்து கொடுக்கக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். அடுத்த சீசனில் ஒரு சின்ன இடம், ஒரே ஒரு தெருமுனை போதும், அதன் மெமரி அளவை முதலிலேயே நிர்ணயித்துவிட்டு, அதற்குள் என்ன இருக்க வேண்டும் என்ற முடிவை உங்களிடம் விடச் சொல்லுங்கள். கூடவே, வெட்டும் முடிவு எடுக்கப்படும் கூட்டத்தில் அதைச் செய்தவரும் இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

இது அதிகப்படியான கேள்வி இல்லை. டபுள் ஃபைன் ஸ்டூடியோவில் பெரிய திட்டத்தை இரண்டு வாரம் நிறுத்திவைத்து, சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிந்து ஊழியர்கள் தங்கள் யோசனைகளைச் செய்து பார்க்கும் வழக்கம் இருந்தது. காஸ்ட்யூம் குவெஸ்ட், ஸ்டாக்கிங் போன்ற கேம்கள் அப்படித்தான் பிறந்தன. உங்கள் லீடுக்கு அத்தனை அதிகாரம் இல்லாமல் இருக்கலாம், தெருமுனைக்கு இருக்கும்.

மைல்ஸ்டோன் (வேலையை முடித்துக் கொடுக்கும் கெடு) நெருங்கும் வாரத்தில் இந்தப் பேச்சை வைக்காதீர்கள். புதிய சீசனுக்கான திட்டம் இன்னும் ஒயிட்போர்டில் இருக்கும்போது, இருவருக்கும் அவசரமில்லாத ஒரு காலையில் வையுங்கள். பேசியதை அன்றே சுருக்கமாக மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். ஒரு சீசன் முழுக்கப் பாருங்கள். தெருமுனையும் கிடைக்கவில்லை, கூட்டத்திலும் இடமில்லை என்றால், அதற்குள் ஒப்பந்தத்தைப் படித்து முடித்திருப்பீர்கள், நன்றாகத் தூங்கியிருப்பீர்கள், சின்ன ஸ்டூடியோக்கள் நான்கைந்துக்கு போர்ட்ஃபோலியோவும் போயிருக்கும். அன்றைக்கு நீங்கள் எடுக்கும் முடிவு எதுவானாலும், இன்றைய களைப்பில் எடுக்கும் முடிவைவிட அதை நான் நம்புவேன்.